எழுபது மதிப்பெண்ணும் மூன்று கடிதங்களும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது இலக்கியம் பற்றித்தான் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் நினைத்திருப்பார்கள். நான் மதிப்பெண் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆசிரியரின் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அவருடைய கவிதைகளின் கையெழுத்துப் படிகள் அதற்குள் இருக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் போன பிறகு திறந்து பார்த்தால், முப்பது வருடத்தில் அவர் கல்லூரிக்கு அனுப்பிவைத்த சேரிப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் நகல்கள். என்னுடையதும் அதில் இருந்தது. கவிதைகளை அவர் எங்கே வைத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

போன வருடம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், விடியற்காலை மூன்றரை மணி இருக்கும், கைப்பேசி அடித்தது. இங்கிலாந்தில் முதுகலை படிக்கப் போயிருக்கிற நம் பெண் ஒருத்தி. "அக்கா, என் முதல் கட்டுரைக்கு 58 போட்டிருக்காங்க. எனக்கு இது ஒத்துவராதுக்கா. திரும்பி வந்துடறேன்." அழுகை. இங்கே இளங்கலையில் 84 சதவீதம் வாங்கியவள். அவள் குடும்பத்தில் விமானத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள். அவளுக்கு அந்த 58, நீ இங்கே வந்திருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி இருந்திருக்கிறது. இந்தச் சீட்டை நமக்கு இரண்டாம் வகுப்பிலிருந்தே கொடுத்துக்கொண்டிருக்கிறார்களே, அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதுதான் கண்ணில் படுகிறது.

நான் அவளிடம் சொன்னது இதுதான். பிரிட்டனில் மதிப்பெண் நூற்றுக்குத்தான் போடுகிறார்கள், ஆனால் அந்த நூறு யாருக்கும் எட்டுகிற நூறு அல்ல. இளங்கலையில் 70க்கு மேல் என்றால் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, அதை அங்கே 'டூ ஒன்' என்பார்கள். 50 முதல் 59 வரை கீழ்ப் பிரிவு, 'டூ டூ'. 40 எடுத்தால் மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி. முதுகலையில் 50 தேர்ச்சி, 60 சிறப்பு, 70 மிகச் சிறப்பு. கணக்கிலோ இயற்பியலிலோ 90 பார்க்கலாம். சமூகவியல், வரலாறு, இலக்கியம் என்று கட்டுரை எழுதுகிற பாடங்களில் 80ஐத் தாண்டுவது அபூர்வம். 58 என்றால் சிறப்புக்கு இரண்டு மதிப்பெண் குறைவு, அவ்வளவுதான். முதல் கட்டுரைக்கு அது நல்ல தொடக்கம்.

அதே நேரத்தில் அமெரிக்காவில் படிக்கிற இன்னொரு தம்பி 'ஏ மைனஸ்' வாங்கிவிட்டு, தன்னை மேதை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடமும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி. முதுகலை, ஆய்வு மாணவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் சராசரி 3க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதாவது பி என்பது விளிம்பு. 2013இல் ஹார்வர்டிலேயே ஒரு பேராசிரியர் எழுந்து கேட்டபோது, இளங்கலையில் நடு மதிப்பெண் ஏ மைனஸ், மிக அதிகமாக வழங்கப்படுவது ஏ என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பிரிட்டனிலும் இந்த வீக்கம் இல்லாமல் இல்லை. 2010-11இல் இங்கிலாந்தில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் சுமார் 16 சதவீதம். பத்து வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கத் தொடங்கும்போதெல்லாம் தரம் போய்விட்டது என்று பேசுகிறவர்கள் ஹார்வர்டைப் பற்றி அப்படிப் பேசுவதை நான் கேட்டதில்லை.

எண்ணை விடுங்கள். யார் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அமெரிக்காவில் பாடம் நடத்தியவரே வினாத்தாள் எடுப்பார், அவரே திருத்துவார், அவரே மதிப்பெண் போடுவார். வாராவாரம் படிப்பது, வகுப்பில் பேசுவது, இடைத்தேர்வு, இறுதிக் கட்டுரை எல்லாம் கணக்கில் வரும். ஒரு நாள் தவறினால் இன்னொரு நாள் ஈடுகட்டலாம். பேராசிரியரின் அறையைத் தட்டி ஏன் பி போட்டீர்கள் என்று கேட்கலாம். கேட்பது அங்கே வழக்கம். பிரிட்டனில் பெரும்பாலான துறைகளில் விடைத்தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் பார்ப்பார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வெளித் தேர்வாளர் வந்து மாதிரிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு வெளியாகும்.

இந்த எண் என்கிற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்களைத் தொடங்கியபோது அவற்றுக்கு முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் 1871 வரை மதச் சோதனை முற்றாக நீங்கவில்லை; ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அங்கே கதவு சரியாகத் திறக்கவில்லை. அவர்களுக்காக எழுந்த கல்லூரியிலிருந்து வளர்ந்தது லண்டன். 1858 முதல் அது யார் எங்கே படித்திருந்தாலும் தேர்வு எழுத அனுமதித்தது. நீ யார் மகன் என்று கேட்காத ஒரு தாள், ஒரு எண், ஒரு தேர்வுக்கூடம். நம் பதிவெண் அங்கிருந்து வந்தது. காலனியம் கொண்டுவந்த எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடச் சொல்கிற நண்பர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் ஒத்துப்போகவில்லை. நம் கல்லூரிகளில் சாதி எங்கே புகுந்துகொண்டது என்று பாருங்கள். பதிவெண் இருக்கிற தாளில் இல்லை. முகம் பார்த்துப் போடுகிற அகமதிப்பீட்டில், செய்முறைத் தேர்வில், வாய்மொழித் தேர்வில். எய்ம்ஸ் மாணவர்கள் பற்றி 2007இல் தோரட் குழு கொடுத்த அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் உடனே பிரிட்டிஷ் முறையே சிறந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அண்ணல் இரண்டிலும் படித்தவர். அவர் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை.

மெட்ரிகுலேஷனில் அவர் வாங்கியது 750க்கு 282 என்று தனஞ்சய் கீர் எழுதிய வரலாறு சொல்கிறது. நூற்றுக்குக் கணக்குப் போட்டால் 38கூட முழுதாக வராது. 1913இல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியா போகிறார். அங்கே பொருளாதாரம் மட்டும் படிக்கவில்லை. வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல் என்று கண்ணில் பட்ட வகுப்பிலெல்லாம் போய் உட்காருகிறார். அமெரிக்க முறை அதற்கு இடம் தந்தது. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்க வகுப்பில் அவர் படித்த கட்டுரைதான் இந்தியாவில் சாதிகள் பற்றியது. தோழர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொருளாதார மாணவர் ஒருவர், தன் துறையல்லாத ஒரு வகுப்பில் வாசித்த கட்டுரை அது. சாதி பற்றிய நவீன சிந்தனையின் ஒரு மூலநூல் அப்படிப் பிறந்தது. ஒரே பாடத்தை எடுத்து அதையே மூன்று வருடம் படி என்று சொல்கிற லண்டனுக்கு முதலில் போயிருந்தால் அது எழுதப்பட்டிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

லண்டன் அவருக்குத் தந்தது வேறு. 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து பரோடா திரும்ப வேண்டியதாயிற்று. 1920இல் மறுபடி போய் 1921இல் முதுகலை அறிவியல் பட்டம். ரூபாய் பற்றிய ஆய்வேட்டை முதலில் கொடுத்தபோது தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. திருத்திக் கொடுத்த பிறகு 1923இல் டி.எஸ்ஸி. கிடைத்தது. அந்த நூலுக்கு எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். அந்த முன்னுரையில் நூலின் வாதத்தோடு தனக்குள்ள வேறுபாட்டை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பேராசிரியர் தன் மாணவரோடு உடன்படவில்லை, ஆனாலும் முன்னுரை தருகிறார். நம் ஊரில் வழிகாட்டியோடு உடன்படாத ஆய்வு மாணவரின் கோப்பு எந்த மேசையில் எத்தனை மாதம் கிடக்கும் என்று இங்கே இருக்கிற முனைவர்கள் சொல்லட்டும்.

கொலம்பியாவின் முனைவர் பட்டம் அவர் கைக்கு முறையாக வந்தது 1927இல். ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்த பிறகே பட்டம் என்பது அன்று அங்கே நடைமுறை. அச்சிடக் காசு வேண்டுமே. மாகாண நிதி பற்றிய அந்த நூல் 1925இல்தான் அச்சேறியது. வகுப்புகளை முடித்ததற்கும் பட்டம் வந்ததற்கும் நடுவே பத்து வருடத்துக்கு மேல். ஒரு பல்கலைக்கழக விதி எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், காசு இல்லாதவனிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனி சேர்க்கைக்கு வருகிறேன். இங்கே இரண்டு நாடுகளும் வேறு வேறு திசையில் நிற்கின்றன.

பிரிட்டனில் இளங்கலைக்கு ஒரே விண்ணப்பம், ஐந்து இடங்கள் வரை. ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே ஆண்டில் சேர்த்துப் போட முடியாது. பதினேழு வயதிலேயே எந்தப் பாடம் என்று சொல்லிவிட வேண்டும். தன்னைப் பற்றி எழுத 4,000 எழுத்துகள். அதிலும் உன் கண்ணீர்க் கதை வேண்டாம், இந்தப் பாடத்தில் உனக்கு என்ன ஈடுபாடு என்று சொல் என்பார்கள். இது எனக்குப் பிடித்த விஷயம். பிடிக்காதது வேறு. ஏ லெவல் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஆசிரியர்கள் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்து இடம் ஒதுக்குகிறார்கள். இந்த மதிப்பெண் வந்தால் இடம் உனக்கு என்பது போல. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தக் கணிப்பு சரியாக இருந்தது 16 சதவீத மாணவர்களுக்கு மட்டும். பெரும்பாலோருக்குக் கூட்டித்தான் கணிக்கிறார்கள். ஆனால் நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கணிக்கிற வாய்ப்பு அதிகம் என்று அதே ஆய்வு சொன்னது. ஆசிரியரின் கண்ணுக்கு ஏழைப் பிள்ளையின் 90 தெரிவதில்லை.

2020இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. ஆசிரியர் தந்த மதிப்பெண்ணை ஒரு கணினிச் சூத்திரத்தில் போட்டுத் திருத்தினார்கள். சூத்திரம் என்ன பார்த்தது? அந்தப் பள்ளியில் முந்தைய வருடங்களில் படித்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்த்தது. உன் பள்ளியில் இதற்கு முன் யாரும் ஏ ஸ்டார் வாங்கவில்லையா, உனக்கும் கிடையாது. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவான வகுப்புகளில் ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்றார்கள்; அத்தகைய சிறிய வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் அதிகம். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது, ஆசிரியர் தந்த மதிப்பெண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் லண்டன் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கியது. நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் பாட்டன் என்ன செய்தானோ அதுதான் உனக்கு என்பதை ஒரு கணினிக்குச் சொல்லிக் கொடுக்க அவர்களுக்குச் சில மாதங்கள் போதுமாக இருந்தது. நமக்கு அது மூவாயிரம் வருடச் சூத்திரம்.

அமெரிக்காவில் மதிப்பெண் ஒரு பகுதிதான். கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், விளையாட்டு, சேவை, 'ஆளுமை' எல்லாம் பார்ப்போம், முழு மனிதரைப் பார்ப்போம் என்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று ஜெரோம் கராபெல் என்கிற சமூகவியலாளர் 2005இல் ஒரு பெரிய நூல் எழுதினார். 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் புதிதாகச் சேர்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். தேர்வு வைத்துச் சேர்த்தால் அவர்கள் வந்துவிடுகிறார்கள். தலைவர் லோவெல் 1922இல் நேராகவே ஒதுக்கீட்டு வரம்பு கேட்டார், எதிர்ப்பு வந்தது. பிறகு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். குணநலன் பார், புகைப்படம் கேள், ஊர் பார், கடிதம் கேள். யூதர் எண்ணிக்கை தானாக இறங்கியது. தேர்வில் நாம் ஜெயிக்கத் தொடங்கினால் தகுதி என்ற சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடும். நேர்காணலில் ஜெயித்தால் தேர்வு வந்துவிடும். ஆட்டம் நமக்குத் தெரிந்ததுதான்.

அதே நெகிழ்வான முறையைத்தான் பின்னாளில் கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறக்கவும் பயன்படுத்தினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. ஆனால் முன்னாள் மாணவரின் பிள்ளை என்றால் முன்னுரிமை என்கிற வழக்கத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. அந்த வழக்கில் வெளிவந்த ஹார்வர்டின் சொந்தத் தரவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் எழுதியது: சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 சதவீதம் விளையாட்டு வீரர், முன்னாள் மாணவர் பிள்ளை, பேராசிரியர் பிள்ளை, பெரிய நன்கொடையாளர் போன்றோருக்கான தனிப் பட்டியல் என ஏதோ ஒரு வகையில் வந்தவர்கள். பரம்பரை ஒதுக்கீடு. இதற்கு யாரும் அங்கே தகுதி, திறமை என்று ஊர்வலம் போகவில்லை.

தீர்ப்பில் ஒரு சன்னல் விட்டிருக்கிறார்கள். இனம் உன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று கட்டுரையில் எழுதலாம், அதைப் படிக்கலாம். ஆக 650 சொல்லில் காயத்தைக் காட்ட வேண்டும். இங்கேதான் இது இலக்கிய மன்றத்தின் கவலையாகிறது. கே.ஏ. குணசேகரன் 'வடு' எழுதியபோதும், பாமா 'கருக்கு' எழுதியபோதும், யாரிடமும் இடம் கேட்டு எழுதவில்லை. இன்று வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிற நம் பிள்ளைகளின் கட்டுரைகளை நான் திருத்திக் கொடுக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு. தனிக் குவளை, மலம், அம்மாவின் கைகள், பிறகு நான் வென்றேன். ஒரு பையனிடம் கேட்டேன், தனிக் குவளை உன் ஊரில் இருந்ததா தம்பி? "இல்லக்கா, புத்தகத்தில் படிச்சேன். அதைத்தானே எதிர்பார்ப்பாங்க?" அவன் உண்மையில் ஊர் ஏரியின் மதகு பற்றி, யார் வயலுக்கு எந்த நேரத்தில் தண்ணீர் திறக்கப்படுகிறது என்பது பற்றி ஒரு நோட்டு நிறையக் குறித்து வைத்திருந்தான். அதை எழுது என்றேன். அதில் சாதி இல்லாமல் இருக்குமா?

கடைசியாகக் கடிதங்கள். அமெரிக்க மேற்படிப்புக்கு வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள், பிரிட்டனுக்கு இரண்டு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நானும் விண்ணப்பிக்க நினைத்தேன். முதுகலை சமூகவியல் முடித்திருந்தேன். கடிதம் கேட்டு என் பேராசிரியர் ஒருவரின் அறை வாசலில் நான்கு முறை நின்றேன். ஐந்தாம் முறை கொடுத்தார். நான்கு வரி. இந்த மாணவி ஒழுக்கமானவர், பணிவானவர், பின்தங்கிய சூழலிலிருந்து வந்தவர், இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நன்னடத்தைச் சான்றிதழ் என்று நினைத்து எழுதினார். ஆனால் அமெரிக்கச் சேர்க்கைக் குழுவிடம் 'பணிவானவர்' என்றால் சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர் என்று பொருள். அங்கே, நான் பதினைந்து வருடத்தில் பார்த்தவர்களில் முதல் மூன்று பேரில் ஒருவர், அவருடைய இந்தக் கட்டுரை இன்ன வகையில் புதியது என்று பெயர் சொல்லி எழுதினால்தான் கடிதம். நான் அந்த உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். அனுப்பவில்லை. போகவும் இல்லை.

எனவே கல்லூரியில் பணியாற்றுகிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் பிள்ளைகள் கடிதம் கேட்டு வரும்போது அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதைப் படியுங்கள். எங்கே உங்களோடு முரண்பட்டார்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டு அதையே எழுதுங்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வருடத்துக்கு 125 இடம், அதில் பட்டியல் சாதியினருக்கு 115, நாடு முழுமைக்கும். தகுதித் தேர்வில் 60 சதவீதம் கேட்கிறார்கள். 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இது கிடையாது என்று வேறு சொல்லிவிட்டார்கள். சாதி பற்றி ஆராயப் போகிறேன் என்று இன்றைக்கு ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பணம் வராது. அங்கே போய்ச் சேர்ந்தாலும் சாதி விடுவதில்லை. 2019இல் பிராண்டைஸ், 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்று சில இடங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்திருக்கின்றன. பிரிட்டிஷ் அரசு 2018இல், தனிச் சட்டம் வேண்டாம் என்று கைவிட்டது.

அந்த 58 வாங்கிய பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். விடைத்தாளில் தேர்வாளர் எழுதியிருந்த குறிப்பைப் படித்துக் காட்டச் சொன்னேன். நூலாசிரியர் சொன்னதை மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாய், அவரோடு நீ எங்கே உடன்படவில்லை என்று தெரியவில்லை என்று இருந்தது. "அவர் பெரிய ஆளுக்கா, அவரை எப்படி நான்..." என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, அந்தப் புத்தகத்தில் கிராமம் பற்றிய மூன்றாம் அத்தியாயம் முழுக்கத் தப்பு என்று தொடங்கியவள், எனக்கு விடிந்து பால்காரர் வரும்வரை நிறுத்தவில்லை. இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதலாம் என்று தெரியாது என்றாள்.

அவளுடைய மதிப்பெண் பட்டியலின் நகல் போன மாதம் வந்தது. ஆசிரியரின் பெட்டியில் போட்டு வைக்கச் சொல்லி அவர் மகளிடம் கொடுத்திருக்கிறேன்.